வாக்கி-டாக்கிக்கு வெளி மைக்கும் ஹெட்செட்டும் மாட்டுவது எப்படி

பெருந்துறையில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்து சேரும் வாக்கி-டாக்கிகளில் பலவற்றுக்குப் பழுதே இருக்காது. "அக்கா, செட் ஊமையாகிவிட்டதுங்க" என்று கொண்டுவந்து வைப்பார்கள். பக்கவாட்டில் செருகியிருக்கும் ஹெட்செட்டை உருவி எடுத்தால் செட் நன்றாகவே பேசும். ஒன்று, ஹெட்செட்டின் ஒயர் உள்ளே அறுந்திருக்கும். இல்லையென்றால் அந்த ஹெட்செட் அந்தச் செட்டுக்கு உரியதாகவே இருக்காது. பிளக் நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

என்னிடம் வருகிறவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், நூற்பாலை மேற்பார்வையாளர்கள், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் ஏறி இறங்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள், பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குக் கூட்டம் ஒழுங்குபடுத்தப் போகும் இளைஞர்கள். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "நல்ல மைக் எதுங்க?" எங்கே நின்று பேசப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. ஆகவே பிளக்குக்கு முன்னால் இரைச்சலைப் பார்த்துவிடலாம்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் கம்ப்ரசர் அருகில், தோளில் குத்திக்கொள்ளும் ஸ்பீக்கர் மைக் வீண். அதில் வரும் குரல் உங்களுக்குக் கேட்காது. எதிர்முனையில் இருப்பவருக்குக் கம்ப்ரசர் மட்டும்தான் கேட்கும். தறிக்கூடமும் அப்படியே. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் தொழிற்சாலை விதிகள் இடம் தருகின்றன. ஓடும் விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் அதைச் சாதாரணமாகவே தாண்டிவிடும். இங்கே வேண்டியது இரண்டு காதையும் முழுதாக மூடும் ஹெட்செட், அதிலிருந்து வாய்க்கு நீளும் கம்பியின் முனையில் இரைச்சல் தவிர்க்கும் மைக்.

இந்த மைக்கின் சூட்சுமம் தெரிந்தால்தான் சரியாகப் பயன்படுத்த முடியும். அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் துளை இருக்கும். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு துளைகள் வழியாகவும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளே போய், நடுவிலுள்ள சவ்வை இருபுறமும் தள்ளுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வாய் மிக அருகில் இருப்பதால் குரல் முன்துளையில் ஓங்கியும் பின்துளையில் மங்கியும் விழும். அந்த வேறுபாடு மட்டும் மின்சாரமாக மாறும். இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. மைக் உதட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. தள்ளிப் போனால் உங்கள் குரலையும் அது இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடும். பேச வேண்டிய பக்கம் வாயைப் பார்த்திருக்க வேண்டும். ஹெட்செட்டைத் திருப்பி மைக்கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கொண்டுவரும்போது மைக்கின் முகமும் மாறிவிடுகிறது, அதைத் திருக மறந்துவிடுகிறார்கள். பின்துளையை ஒட்டுநாடாவால் மூடவே கூடாது. "காற்று போகாமல் இருக்கட்டும்" என்று இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சுற்றிய உடனே அது சாதாரண மைக் ஆகிவிடும்.

காற்றுக்கு வேறு வைத்தியம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று மைக்கின் மேல் நேராக மோதினால் 'புஸ்' என்ற ஒலியில் பேச்சு முழுகிவிடும். மைக் முனைக்குப் பஞ்சுறை போடுங்கள். விலை மிகக் குறைவு, கிழிந்தால் மாற்றுங்கள். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் வாயோரத்தில் வைத்தால் மூச்சுக்காற்றும் அதில் விழாது. பேசும் நேரத்துக்கு மட்டும் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்பது இலவசமான முறை. எந்த உறையைவிடவும் அது நன்றாக வேலை செய்கிறது.

கோயில் கூட்டத்தில் தேவை தலைகீழ். பம்பையும் ஒலிபெருக்கியும் முழங்கும் இடத்தில் செய்தி காதில் விழ வேண்டும், ஆனால் பக்தர்கள் நடுவில் செட் அலறக் கூடாது. இதற்குக் கண்ணாடிபோல் தெரியும் சுருள் குழாய் வைத்த இயர்போன் நல்லது. ஒலி குழாய்க்குள் காற்றின் வழியே வருகிறது. ஒலி எழுப்பும் பாகம் சட்டைக் காலரில் நிற்கிறது. சட்டையில் குத்தும் சின்ன மைக்கும், பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பிடிடி பொத்தானும் ஒரே பெட்டியில் இருக்கும். வியர்வை ஈரம் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் ஒலி மங்கும். குழாயைத் திருகிக் கழற்றி வாயால் ஊதினால் போதும். காதுமுனை ரப்பர் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். அதை ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தொண்டையில் கட்டும் மைக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். இரைச்சலை நன்றாகவே ஒதுக்கும். ஆனால் உதட்டிலும் பல்லிலும் பிறக்கும் ஒலிகள் அதில் மழுங்கிப்போகும். பழகிய இருவருக்குள் சரி. புது ஆட்களை வைத்து நடத்தும் வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இனி பிளக். இதில் பெயர் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று பாகங்களுக்கு. பிளக்கின் உச்சி நுனி. கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே இருப்பது வளையம். பிளாஸ்டிக் பிடியை ஒட்டியிருக்கும் நீளமான உலோகம் அடிப்பகுதி. கறுப்புப் பட்டை ஒன்று என்றால் தொடர்புகள் இரண்டு, இரண்டு பட்டை என்றால் மூன்று, மூன்று பட்டை என்றால் நான்கு.

நம் பக்கம் அதிகம் புழங்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற மலிவு செட்டுகளில் கென்வுட் பாணி இரட்டைப் பிளக் உண்டு: ஒன்று 3.5 மில்லிமீட்டர், மற்றது 2.5 மில்லிமீட்டர், இரண்டும் ஒரே கட்டியில். ஸ்பீக்கர் ஒலி 2.5 பிளக்கின் நுனிக்கு வருகிறது. மைக் 3.5 பிளக்கின் வளையத்தில் சேர்கிறது. இரண்டு பிளக்குகளின் அடிப்பகுதிகளும் ஒன்றோடொன்று தொட்டால் செட் ஒலிபரப்பத் தொடங்கும். பிடிடி பொத்தான் செய்யும் வேலை அந்தத் தொடுதல்தான். இது தெரியாமல், பாட்டுக் கேட்கும் இயர்போனை 3.5 துளையில் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்கிறார்கள். எப்படி வரும்? அது மைக் துளை.

ஐகாம் செட்டுகள் பலவற்றிலும் 2.5, 3.5 என்ற அதே இரண்டு அளவுகள்தான். ஆனால் அங்கே 2.5 மைக்குக்கு, 3.5 ஸ்பீக்கருக்கு. பிடிடிக்கென்று தனி ஒயர் கிடையாது. மைக் கம்பியில் ஒரு மின்தடை வழியாகச் சிறு மின்னோட்டம் ஓடினால் அதை உணர்ந்து செட் ஒலிபரப்புக்கு மாறுகிறது. கணினிக்கு வாங்கிய மைக்கைப் பிளக் மாற்றி இதில் செருகினால், மைக் தானே மின்னோட்டம் இழுப்பதால், யாரும் பொத்தானைத் தொடாமலே செட் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பாட்டரி சூடாகும், அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. யாயேசு எஃப்டி-60, விஎக்ஸ்-6ஆர் போன்றவற்றில் மூன்று கறுப்புப் பட்டைகள் கொண்ட ஒற்றை 3.5 பிளக். மோட்டோரோலாவில் இரட்டைப் பிளக் வைத்த செட்டும் உண்டு, பக்கவாட்டில் தட்டையான தொடர்புப் புள்ளிகளும் திருகும் வைத்த செட்டும் உண்டு. அதன் இரட்டைப் பிளக் கென்வுட் பாணி அல்ல. அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள்.

கைபேசி ஹெட்செட்டை மாட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. இன்றைய கைபேசி ஹெட்செட்டில் நுனி இடக்காது, முதல் வளையம் வலக்காது, இரண்டாவது வளையம் எல்லாவற்றுக்கும் பொதுவான தரைக்கம்பி (கிரவுண்ட்), அதாவது பொதுக்கம்பி, அடிப்பகுதி மைக். மேலே சொன்ன எந்தச் செட்டோடும் இந்த வரிசை ஒத்துப்போகாது. போதாக்குறைக்குப் பிடிடி பொத்தானும் இல்லை. மாற்று ஒயர் வாங்கினால் உங்கள் செட்டின் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்குங்கள். நீங்களே பற்றவைப்பதானால், செட்டோடு வந்த, வேலை செய்கிற ஹெட்செட் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் எந்தத் தொடர்பு எங்கே போகிறது என்று மல்டிமீட்டரால் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள். இணையத்தில் சுற்றும் படங்களைவிடக் கையிலிருக்கும் ஹெட்செட்டை நான் நம்புவேன். ஸ்பீக்கரின் ஒரு ஒயர் எப்போதும் பொதுக்கம்பிதான் என்று ஊகித்து அதைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, சேர்த்துவிடக் கூடாது. சில செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் ஒலி மின்சாரம் இருக்கும். ஒன்றைத் தரையோடு சேர்த்தால் உள்ளேயுள்ள ஒலிபெருக்கிச் சில்லு போய்விடும்.

புது ஹெட்செட்டைச் செட்டில் செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்ப்பது என் மேசையில் கட்டாயம். இருநூறு, முந்நூறு ரூபாய் மீட்டரே போதும். கென்வுட் பாணி என்றால் மீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு அடிப்பகுதிகளையும் தொடுங்கள். பொத்தானை அழுத்தாதபோது மீட்டர் மௌனம்; அழுத்தினால் 'கீ' என வேண்டும். அழுத்தாமலே சத்தம் வந்தால் அந்த ஹெட்செட்டைச் செட்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். ஐகாம் பாணியில் 2.5 பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மின்தடை பாருங்கள்: அழுத்தாதபோது எதுவும் காட்டக் கூடாது, அழுத்தினால் கிலோ ஓம் கணக்கில் காட்ட வேண்டும்.

அடுத்து ஸ்பீக்கர். குறைந்த ஓம் அளவில் மீட்டரை வைத்து ஸ்பீக்கர் தொடர்பைத் தொடும்போது இயர்போனில் 'டிக்' என்று கேட்கும். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 7 சொச்சம் காட்டும், 32 ஓம் இயர்போன் 30 பக்கம் காட்டும். இரண்டும் சரியே. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது. அப்போது ஒயரைப் பிளக்கின் கழுத்துப் பக்கம் மெல்ல வளைத்து வளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எண் தோன்றித் தோன்றி மறையும்.

மைக்கில் இரண்டு சாதி. எலெக்ட்ரெட் வகைக்குச் செட்டிலிருந்து சிறு மின்னழுத்தம் போனால்தான் உயிர். பழைய மேடை மைக் போன்ற சுருள் வகைக்கு அது தேவையில்லை. மலிவு வாக்கி-டாக்கிகள் எல்லாம் எலெக்ட்ரெட்டுக்காகச் செய்தவை. சுருள் வகையை அவற்றில் மாட்டினால் எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெல்லியதாகக் கேட்கும். செட் மேல் பழி போடாதீர்கள்.

மாட்டும் வரிசை எளிது. செட்டை அணையுங்கள். பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து, பிளக்கை நேராக, கடைசிவரை தள்ளுங்கள். ஒலியளவைக் குறைந்த நிலையில் வைத்துச் செட்டைப் போட்ட பிறகே ஹெட்செட்டைக் காதில் மாட்டுங்கள். செட்டின் ஒலிபெருக்கி அரை வாட், ஒரு வாட் வரை தரக்கூடியது. உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்காக ஏற்றி வைத்திருந்த ஒலி அப்படியே காதுக்குள் பாய்ந்தால் செவிப்பறைக்குத் தீங்கு. பிளக் நுழையும்போது செட்டின் சொந்த ஸ்பீக்கரும் மைக்கும் துண்டிக்கப்படும். ஆகையால் பாதி நுழைந்த பிளக் இரண்டையும் கெடுத்துவிடும்: ஹெட்செட்டும் பேசாது, செட்டும் பேசாது.

பாதி நுழைவதற்கு எங்கள் வட்டாரத்தில் தனிக் காரணம் ஒன்று உண்டு. பஞ்சு. நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் மூடி திறந்தே கிடக்கும் செட்டின் துளைக்குள் பஞ்சுத்தூசி சேரும். ஒவ்வொரு முறை செருகும்போதும் பிளக் அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்தும். கடைசியில் துளையின் அடியில் ஒரு சின்னத் தக்கையே உருவாகிவிடும். பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் அதைக் கிளறி எடுங்கள்; உலோக ஊசி வேண்டாம், பிளக் நுழையும்போது செட்டின் சொந்த ஸ்பீக்கரைத் துண்டிக்கும் உள்ளேயுள்ள வில்தகட்டை வளைத்துவிடும். பிறகு கேமரா லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர்ப் பந்தால் ஊதி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டுத் தொட்ட பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் தொடர்பு துலங்கிவிடும். ஹெட்செட்டை எடுத்த பிறகும் செட் ஊமையாகவே இருந்தால் அந்த வில்தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதே வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும், பலிக்காவிட்டால் ஜாக்கை, அதாவது அந்தத் துளைப் பாகத்தையே, மாற்ற வேண்டும்.

சோதனைக்கு இன்னொரு செட்டும் இன்னொரு ஆளும் வேண்டும். இரண்டு செட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் ஸ்பீக்கர் ஒலி இன்னொன்றின் மைக்கில் விழுந்து ஊளையிடும். ஆளைச் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். பொத்தானை அழுத்தி, அரை நொடி பொறுத்து, வழக்கமான குரலில் பேசுங்கள். அழுத்தும்போதே பேசினால் முதல் அசை போய்விடும். "நிறுத்து" என்பதில் முதல் எழுத்து போனால் என்ன ஆகும் என்று ரிக் வண்டியில் வேலை செய்பவருக்குத் தெரியும். வேலையிடத்து இரைச்சலிலேயே சோதித்துப் பாருங்கள், கடைக்குள் நின்று பார்த்தது கணக்கில் வராது.

குறைந்த திறனில் குரல் தெளிவாகவும் அதிகத் திறனில் 'பர்ர்' என்று கரகரத்தும் போனால் ஹெட்செட் ஒயர் ஆன்டெனாவாகி, செட் அனுப்பும் அலையையே திரும்ப மைக்குக்குள் கொண்டுவருகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 52 சென்டிமீட்டர், அரை அலைநீளம் ஒரு மீட்டர் சொச்சம். இடுப்பிலிருந்து காது வரை ஏறும் ஒயரின் நீளமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒயரை ஆன்டெனாவை விட்டு விலக்கி உடலின் மறுபக்கமாக ஏற்றிப் பாருங்கள். போதவில்லையென்றால் பிளக்குக்கு அருகில், ஒயரில் ஏறும் அலையைத் தடுக்கும் கவ்வும் வகைப் பெரைட் வளையம் ஒன்றைப் போட்டு, ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். கடைசி மருந்து, மைக்கின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 102 என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டர், ஒரு நானோபாரட். பற்றவைக்கும்போது நொடிக்கு மேல் சூடு வைத்தால் மைக்கே போய்விடும்.

குரல் கேட்டதும் தானே ஒலிபரப்பும் வசதியை இரைச்சலான இடத்தில் மூடி வையுங்கள். தறி ஓடினால் அது தறியை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். இத்தனை நொடிக்கு மேல் தொடர்ந்து ஒலிபரப்பாமல் நிறுத்தும் நேர வரம்பு உங்கள் செட்டில் இருந்தால் அதை அறுபது நொடிக்கு வையுங்கள்; பிடிடி பொத்தான் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நசுங்கிச் சிக்கிக்கொள்ளும் நாளில் சேனலைக் காப்பாற்றுவது அதுதான்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறனில் இயங்கும், வகை ஒப்புதல் பெற்ற செட்டுகளுக்கு 2018 முதல் உரிமம் வேண்டியதில்லை. 144 முதல் 146 வரை அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர்களுக்கு. செட்டில் எந்த எண்ணையும் தட்டிப் போட முடிகிறது என்பதால் எங்கே வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகாது.

மீதி எல்லாம் ஒயரின் ஆயுள் பற்றியது. கென்வுட் பாணிப் பிளக்குக்குத் திருகு கிடையாது. தலையைத் திருப்பினால் ஒயர் இழுத்துப் பிளக் வெளியே வந்துவிடும், அல்லது துளையைத் தளர்த்திவிடும். இழுப்பு பிளக்கில் விழாதபடி, ஒயரைச் செட்டின் பெல்ட் கிளிப்பில் ஒரு முறை வளைத்துக் கட்டிவிட்டு, அங்கிருந்து காது வரை தாராளமாகத் தளர்வு விடுங்கள். ஸ்பீக்கர் மைக்கைத் தூக்கியெறிந்து பிடிக்கும் பழக்கம் வேண்டாம், ஒயரைச் செட்டின் மேலேயே இறுக்கிச் சுற்றி வைப்பதும் வேண்டாம். பிளக்கின் கழுத்தில் அறுந்து வருபவை எல்லாம் அப்படிச் சுற்றியவை. தளர்ந்த வட்டமாகச் சுற்றித் தனிப் பையில் வையுங்கள். வியர்வை பட்ட மைக்கை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஒரே குழுவில் இரண்டு பாணிச் செட்டுகள் இருந்தால் ஒரு பாணிக்குச் சிவப்பு டேப், மற்றதற்குப் பச்சை டேப் என்று செட்டிலும் ஹெட்செட்டிலும் ஒட்டிவிடுங்கள். விடிகாலை இருட்டில் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிறவர் பிளக்கைப் பார்க்க மாட்டார், நிறத்தைத்தான் பார்ப்பார்.